யாரையும் பார்க்காத கேமரா

மக்களே, அத்தை மகள் கல்யாண வீடியோவில் தாய்மாமன் மாலை போடுகிற இடத்தில் நான் ஏன் இல்லை என்று நீங்கள் இருவருமே கேட்டுவிட்டீர்கள். மூத்தவள் விடுதியிலிருந்து போனில் கேட்டாள். சின்னவன் லீவுக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். அது பெரியவர்கள் சமாச்சாரம் என்று சொல்லிக் கடத்திவிட்டேன். உங்கள் அம்மா விடவில்லை. "நீங்க சொல்லலைன்னா ஊரு சொல்லும். ஊரு உங்களுக்குச் சாதகமா சொன்னாலும் சொல்லும். அது அதை விடக் கேவலம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து இது. தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கூடப்பிறந்தது உங்கள் அத்தை ஒருத்திதான். அவளுக்கும் ஒரே மகள். அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியது என் மடியில். சடங்கானபோது முதல் தண்ணீர் ஊற்றியது நம் வீட்டுக் குடத்தில். அவள் கழுத்தில் மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போகிற உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. அதை நான் ஒரு கேமராவால் இழந்தேன். கேமராவால் என்று சொல்வதும் சரியில்லை. எப்படிப்பட்ட கேமரா என்று தேர்ந்தெடுத்தது நான்தானே.

அந்தக் கருப்புக் கிடா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அத்தை மகளுக்கு மாப்பிள்ளை அமையாமல் தள்ளிக்கொண்டே போனபோது, கல்யாணம் கூடி வந்தால் குலசாமிக்குக் கிடா வெட்டுகிறேன் என்று அத்தை நேர்ந்துகொண்டாள். குட்டியை வாங்கி என் கொட்டகையில்தான் விட்டாள். "மாமன் வளக்கட்டும், அதுதான் முறை" என்றாள். நேர்ந்துவிட்ட கிடா என்பதால் அதை யாரும் அடிக்கமாட்டார்கள், கட்டிப்போடவும் மாட்டார்கள். எந்த வீட்டுக்குள்ளும் போகும், எதில் வாய் வைத்தாலும் விரட்டமாட்டார்கள். அதனாலேயே அது ஆள் பேதம் தெரியாமல் வளர்ந்தது. இலையை நீட்டினால் யார் பின்னாலும் போய்விடும்.

போன ஐப்பசியில் நானும் உங்கள் அம்மாவும் மக்காச்சோளத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கிடா காணாமல் போனது. அதோடு ரெண்டு பெட்டை ஆடும் போய்விட்டது. தெருப் பக்கத்துக் கதவில் சங்கிலி போட்டது போட்டபடி இருந்தது. முடுக்குப் பக்கத்துத் தகரக் கதவில் கொண்டி திறந்து கிடந்தது.

முடுக்கு என்றால் உங்களுக்குத் தெரியும். நம் கொட்டகைக்கும் அத்தை வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நுழைகிற அகலம். அந்தக் கொண்டியை வெளியிலிருந்து கையை விட்டு எடுக்க ஒரு பழக்கம் வேண்டும். உங்கள் மாமா, அதாவது அத்தை வீட்டுக்காரர், எட்டயபுரம் சந்தையில் ஆட்டுத் தரகு பார்க்கிறவர். ஊர் இது எல்லாவற்றையும் சேர்த்துப் பேச ஒரு நாள் போதுமானதாக இருந்தது. டீக்கடையில் ஒருவர் என்னிடமே கேட்டார்.

"ஏம்ப்பா, சாமி கிடாவை வெளியூர்க்காரன் எப்படிக் கண்டான்?"

நான் அவரைத் திட்டிவிட்டுத்தான் வந்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எழுதப்போவதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

உங்கள் அம்மாதான் கேமரா வைப்போம் என்றாள். கோவில்பட்டியில் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு கடை. ஒரு அம்மா கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்கள் வீட்டுக்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுக்கிறார். அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நான் போய், "வீட்டுக்குக் கேமரா வேணும்மா" என்றேன்.

"யாரைப் பாக்கணும் அண்ணாச்சி?"

எனக்குப் புரியவில்லை. "திருடனைத்தான்" என்றேன்.

அவர்கள் சிரித்துவிட்டார்கள். "திருடன்னு நெத்தியில எழுதிட்டா வாரான்? எந்தப் பக்கமா வந்தான், எந்தப் பக்கமா போனான், அதைச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் என்ன கேமரான்னு சொல்ல முடியும்."

மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். குழாய் மாதிரி நீளமாக ஒன்று, வெளிச் சுவருக்கு. கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று, வீட்டுக்குள் கூரையில் மாட்ட. கண்ணாடிக்கும் ஒரு நம்பர் இருக்கிறதாம். சின்ன நம்பர் கண்ணாடி போட்டால் வாசல், தெரு, எதிர்வீடு எல்லாம் அகலமாகத் தெரியும், ஆனால் ஆள் முகம் கடுகுபோல இருக்கும். பெரிய நம்பர் போட்டால் தூரத்து ஆளின் மீசைகூடத் தெரியும், பக்கத்தில் யார் நின்றாலும் தெரியாது.

"எல்லாம் தெரியிற மாதிரி ஒண்ணு இல்லையாம்மா?"

"அதை நீங்க கோயில்லதான் கேக்கணும்" என்றார்கள்.

பிறகு படம் எதில் பதிவாக வேண்டும் என்று கேட்டார்கள். நம் வீட்டில் இன்டர்நெட் இல்லை, அதனால் சிம் போட்டது. பெட்டியும் ஹார்ட் டிஸ்க்கும் வைக்க இடம் இல்லை, அதனால் மெமரி கார்டு. நம்ம பக்கம் கரண்டு போய்ப் போய் வருமே என்று கேட்டேன். அதற்குச் சின்னதாக ஒரு பேட்டரிப் பெட்டி. இதுவரைக்கும் எனக்குக் கஷ்டம் இல்லை. ஒவ்வொன்றாகத் தலையாட்டினேன். அந்த அம்மா ஒரு தாளில் நம் கொட்டகையைக் கோடு போட்டு வரைந்து, ரெண்டு கதவையும் குறித்தார்கள்.

"ஆடு எந்தக் கதவு வழியா போச்சு?"

"பின்கதவு."

"அப்போ குழாய்க் கேமரா ஒண்ணை இந்த மூலையில மாட்டி, பின்கதவைப் பாத்து வச்சிருவோம். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன தெரியும்?"

"எங்க அக்கா வீட்டு வாசல்."

பென்சில் நின்றது. அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எத்தனை வீட்டுச் சண்டை அந்த மேஜைக்கு வந்திருக்குமோ.

"அந்தப் பக்கம் வேண்டாம்மா. தெருப் பக்கமா வைங்க."

"தெருப் பக்கம் சங்கிலி போட்டிருக்குன்னு சொன்னீங்க. பூட்டுன கதவைப் பாத்துக்கிட்டு கேமரா என்ன செய்யும்?"

"யாரையும் பாக்குற மாதிரி வேண்டாம்மா. பொதுவா இருக்கணும்."

"கேமரான்னா யாரையாவது பாத்துத்தான் ஆகணும் அண்ணாச்சி. வானத்தைப் பாத்தா வைக்க முடியும்?"

அப்போதுதான் அலமாரியில் அது என் கண்ணில் பட்டது. வெள்ளையாக, ஒரு குழந்தைத் தலை அளவு. ரெண்டு கொம்பு மாதிரி ஆண்டெனா. அது என்ன என்று கேட்டேன். தானாகத் திரும்புகிற கேமரா என்றார்கள். ஆள் நடமாட்டம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, அந்த ஆள் போகிறவரைக்கும் பின்னாலேயே பார்க்குமாம். ஆள் பக்கத்தில் வந்து நின்றால் இங்கிலீஷில் எச்சரிக்கை செய்யுமாம். அந்த அம்மா அதைச் செருகிக் காண்பித்து, கடைக்குள் குறுக்கே நடந்தார்கள். அது உர்ர் என்று மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டே போனது.

எனக்கு மனசுக்குள் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இது ஒரு பக்கத்தைப் பார்த்து நிற்கிற சாமான் இல்லை. யார் மேலும் சந்தேகம் என்று இது சொல்லாது. இதுதான் வேண்டும் என்றேன்.

"உங்க இடத்துக்கு இது சரியா வராது அண்ணாச்சி. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கும்போது இந்தப் பக்கம் எவன் வந்தாலும் தெரியாது. நிலையா நிக்கிற கேமராதான் நல்லது."

"இதுவே இருக்கட்டும்மா."

மாட்ட வந்த அன்று அவர்கள் வீட்டுக்காரர் பின்கதவுக்கு மேலே, தெருவும் முடுக்கும் தெரிகிற மூலையில் அதை மாட்டி, என் போனில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஆள் போன பிறகு கேமரா எந்தப் பக்கம் திரும்பி வந்து நிற்க வேண்டும், அதை ஒரு இடமாகக் குறித்து வைக்கலாமா என்று. எந்தப் பக்கமும் குறிக்க வேண்டாம் என்றேன். மறுபடியும் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் செய்த தப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. திரும்பி வர ஒரு இடம் இல்லாத கேமரா, கடைசியாக எந்த ஆளைப் பார்த்ததோ அந்தப் பக்கமே நின்றுவிடும். நம் தெருவில் பகலில் யார் நடக்கிறார்கள்? எல்லாரும் காட்டுவேலையில் கிடக்கிறோம். முடுக்கில்தான் அத்தை வீட்டு ஆட்கள் நாளைக்கு இருபது தடவை போவார்கள், வருவார்கள். குழாயடிக்கு, கடைக்கு, நம் வீட்டுக்கு. யாரையும் பார்க்கக் கூடாது என்று நான் தேடி வாங்கிய சாமான், விடிந்தால் அடைந்தால் என் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் மாமா சந்தைக்குக் கிளம்பும்போது முடுக்கில் நின்று, தலையைச் சீவிக்கொண்டு, சத்தமாகச் சொல்வார்.

"மாப்ளே, இன்னைக்குப் புதுச் சட்டை போட்டிருக்கேன். படத்துல நல்லா விழுதான்னு பாரும்."

"நல்லா விழுது அத்தான்" என்று நானும் சிரிப்பேன்.

ஒரு வாரத்தில் அவர் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அதை நான் கவனித்தேன். கதவுப் பக்கமாகப் போனால் அந்த இங்கிலீஷ் குரல் கூப்பாடு போடுகிறது என்பதால், அத்தை வீட்டில் எல்லாரும் எதிர்ச்சுவரை ஒட்டி நடக்கத் தொடங்கினார்கள். இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு அத்தை மகள் சுவரில் தோள் உரசப் போவதைப் போனில் பார்த்தேன். பிறந்ததிலிருந்து நடந்த முடுக்கு அது அவளுக்கு.

போனில் அந்தப் படத்துக்குக் கீழே நாலு அம்புக்குறி இருக்கும். மேலே, கீழே, இடது, வலது. விரலை வைத்தால் கேமரா திரும்பும். காட்டில் உட்கார்ந்தபடியே ஒரு விரலால் அதைத் தெருப் பக்கம் திருப்பியிருக்கலாம். மக்களே, நான் திருப்பவில்லை. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறக்கிறதற்கு முன்னால் போனைத் திறந்தேன். மாமா எத்தனை மணிக்குப் போனார், கையில் பை இருந்ததா, சாக்கில் என்ன கட்டியிருக்கிறார் என்று ரெண்டு விரலை விரித்துப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஒரு நாள் அவர் சைக்கிளில் ஒரு கயிறு தொங்கியது. அது என் கிடாவின் கயிறோ என்று அந்த ஒரு படத்தையே எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் மரியாதை போய்விடும். டீக்கடையில் திட்டிவிட்டு வந்தேன் என்று மேலே எழுதினேனே, அந்த ஆள் கேட்டதைத்தான் நான் தினமும் தேடிக்கொண்டிருந்தேன். யார் மேலும் சந்தேகம் இல்லை என்று காட்டுவதற்காக ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்தேன். சந்தேகம் எனக்குள் இருந்தது.

தை மாதம் அத்தை மகளுக்கு இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கைநனைக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதுவரைக்கும் காப்பிகூடக் குடிக்கமாட்டார்கள், தெரியுமில்லையா? அத்தை அன்றைக்கு விடிகாலையிலேயே நம் வீட்டுக்கு வந்தாள்.

"ஏலே, வெள்ளை வேட்டி கட்டிக்கோ. வாசல்ல நின்னு நீதான் வாங்கன்னு சொல்லணும். உங்க அத்தான் ஆடு மாதிரி முழிச்சுக்கிட்டு நிப்பாவ."

"நான் இருக்கேன்க்கா, நீ அடுப்பைப் பாரு."

பதினோரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளையின் தம்பி, இன்னும் நாலைந்து பேர். வெயில் சுள்ளென்று இருந்தது. முடுக்கில் நம் பின்கதவை ஒட்டி ஒரு வேம்பு நிற்கிறதே, மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்ற அந்த நிழலில் ஒதுங்கினார்கள். தலைக்கு மேல் உர்ர் என்றது. அப்புறம் அந்தப் பெண் குரல் இங்கிலீஷில் கத்தியது. அந்த அம்மா பதறிப்போய் நிமிர்ந்தார்கள். கேமரா அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா சொல்லுது அது?"

மாப்பிள்ளையின் தம்பி சென்னையில் வேலை பார்க்கிறவன். "நாம கண்காணிப்புல இருக்கோமாம்மா. எல்லாம் பதிவாகுதாம்."

"யாரைக் கண்காணிக்காவ?"

நான் முன்னால் போய்க் கும்பிட்டேன். அத்தை அவசரமாக, "இது என் தம்பி. பொண்ணுக்குத் தாய்மாமன்" என்றாள்.

"உங்க கேமராவா இது?"

"ஆமாங்க. ஆடு களவு போச்சு. அதான்…"

"களவு போனது உங்க வீட்டுல. கேமரா ஏன் இவிய வாசலைப் பாக்கு?"

அது தானாகத் திரும்பும், திரும்பி வர இடம் குறிக்கவில்லை என்று அந்த இடத்தில் எப்படி விளக்குவது? "அது எல்லாப் பக்கமும் பாக்கும்ங்க" என்றேன். அவர்கள் உள்ளே நடந்தார்கள். அத்தனை பேர் பார்க்க, அதுவும் அவர்கள் முதுகோடு தலையைத் திருப்பிக்கொண்டே போய், அத்தை வீட்டு நிலைவாசலில் நின்றது.

உள்ளே பேச்சு நடந்தது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, முதல் கரண்டி வைக்கப் போகும்போது மாப்பிள்ளையின் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு மதினி. இன்னொரு நாள் வந்து கை நனைக்கோம்."

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அத்தை மகள் கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நின்றாள். என்னைத்தான் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் கொட்டகையில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். பின்கதவுக்கு வெளியே கேமரா கத்தியது. அத்தை நிற்கிறாள். தகரக் கதவு நெஞ்சு உயரம்தான். நான் பத்தடி தூரத்தில் நிற்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"ஏலே, இங்கன நின்னு பேசுனா உனக்குக் கேக்கும்லா? நல்லாக் கேட்டுக்கோ. எங்க வீட்டுல மொத்தம் மூணு பேரு. எம் புருசன் காலையில ஆறு மணிக்குப் போவாரு. கையில ஒரு பை இருக்கும். அதுல சோறு. ராத்திரி எட்டு மணிக்கு வருவாரு. அப்பவும் பை இருக்கும். அதுல காலி டப்பா."

"யக்கா, என்ன பேசுதே நீ? உள்ள வா."

"எம் பொண்ணு காலையில ரெண்டு கொடம், சாயங்காலம் ரெண்டு கொடம் தண்ணி எடுப்பா. கொடத்துக்குள்ள ஆட்டுக்குட்டி எதுவும் இருக்காது. நான் எங்கயும் போகலை. இங்கனதான் கெடக்கேன். எல்லாம் சொல்லிட்டேன். இனி நீ மெனக்கெட்டுப் பாக்க வேண்டாம்."

"உங்களைப் பாத்து வைக்கலைக்கா. அது யாரைப் பாத்தும் வைக்கலை. சத்தியமா."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"யாரைப் பாத்தும் வைக்கலைன்னா என் வாசல்ல ஏன்ல நிக்கி? நேரா வந்து, அக்கா, அத்தான் மேல சந்தேகமா இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அடிச்சிருப்பேன், அழுதிருப்பேன், அத்தோட போயிருக்கும். நீ மெஷினை விட்டுல்லா கேக்கச் சொல்லிட்டே."

மறுநாள் நானே ஏணி வைத்துக் கேமராவைக் கழற்றினேன். அதை முடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற அத்தை, "கழட்டுனா பாத்தது இல்லைன்னு ஆயிருமாக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அவள் குத்துமதிப்பாகச் சொன்னாள். அது சரியாக இருந்தது.

அந்தச் சம்பந்தம் அப்படியே போகவில்லை. போயிருந்தால் நான் இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிற தைரியத்தில் இருக்கமாட்டேன். மாசியில் நடுவில் இருந்தவர்கள் பேசி ஒரு வழி சொன்னார்கள். உங்கள் மாமா மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் குலசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அறுபது வயது மனுசன். மகளுக்காக ஒத்துக்கொண்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். தரையில் சூடம் எரிந்தது. அவர் குனிந்து, "எம் மச்சினன் வீட்டு ஆட்டுல நான் கை வைக்கலை" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார், போதுமா என்கிற மாதிரி. அன்றைக்கு மத்தியானமே அவர்கள் அத்தை வீட்டில் சாப்பிட்டார்கள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

பங்குனியில் ஓட்டப்பிடாரம் போகிற சாலையில் ரெண்டு பேர் பிடிபட்டார்கள். காரில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஆடு கடத்துகிறவர்கள். பகலில் ஆள் காட்டுக்குப் போகிற ஊராகப் பார்த்து நுழைவார்களாம். நம் ஊர்ப் பேரையும் சொன்னார்கள் என்று ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். கிடா என்றைக்கோ விற்றுப் போயிருந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் வண்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே அத்தை வீட்டுக்குள் ஓடினேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, களவாணி ஆப்பிட்டுட்டான்! வெளியூர்க்காரனுவதான்!"

சுளகை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்போ இன்னைக்குக் காலையில வரைக்கும் எங்களைத்தான் நெனச்சிக்கிட்டு இருந்திருக்கே."

"அப்படி இல்லைக்கா…"

"சாமி முன்னால சூடம் அணைச்சாரு. அது உனக்குப் பத்தலை. போலீஸ் சொன்னவொடனே ஓடி வாரே."

நான் கொண்டுபோன நல்ல செய்தி அந்த வீட்டில் நல்ல செய்தி இல்லை என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. உள்ளே உங்கள் மாமா கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து வரவில்லை. "விடு புள்ள, போகட்டும்" என்று அவர் குரல் மட்டும் கேட்டது.

ஆவணியில் கல்யாணம், கோவில்பட்டியில் மண்டபம். பத்திரிகையைத் தூரத்து உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். உங்களுக்குப் பரீட்சை என்பதால் வரவில்லை. ஒரு வகையில் நல்லதுதான். உங்கள் அம்மா மாமன் சீருக்குரிய எல்லாவற்றையும் வாங்கியிருந்தாள். பட்டு, மாலை, பழம், தேங்காய் எல்லாம் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். கடைசி நேரத்தில் கூப்பிடுவாள் என்று நான் நம்பினேன். கூடப்பிறந்தவள் இல்லையா, நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று நம்பினேன். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தோம். தாம்பாளம் என் மடியில் இருந்தது.

"பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. தாய்மாமன் யாரு, வாங்க" என்று மைக்கில் சொன்னார்கள்.

நான் எழுந்தேன். எழுந்ததும் பார்க்கிறேன், புதியம்புத்தூரில் தையல் யூனிட்டில் வேலை பார்க்கிற எங்கள் சித்தி மகன் மாலையோடு மணமகள் அறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் அத்தை. உங்கள் அம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. எல்லாரும் பாக்காவ."

உட்கார்ந்தேன். பெண் வெளியே வந்தாள். அவன் மாலை போட்டான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சீர் முறை எதுவும் தெரியாது. அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான். நாயனக்காரர் வாசிக்காமல் அவர்களைப் பார்த்தபடி நின்றார். பெண்கள் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவன் என்ன தப்பு என்று தெரியாமல் நடுவழியில் நின்று திருதிருவென்று விழித்தான். அப்படியே அவன் கண் சுற்றி வந்து என்னிடம் நின்றது.

நான் தாம்பாளத்தை இடது கையில் தாங்கிக்கொண்டு, வலது கையைத் தூக்கிக் காண்பித்தேன்.

அவன் கையை மாற்றிப் பிடித்தான். மேளம் எழும்பியது. அத்தை மகள் குனிந்த தலை நிமிரவில்லை. அத்தை மட்டும் நான் கை காட்டியதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தரையில் புரண்ட மகளின் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். அவர்கள் மூன்று பேரும் என் வரிசையைக் கடந்து மேடைக்குப் போனார்கள்.